யார் இந்த சோன்ட்ரே நோர்ஹெய்ம்? ஸ்னோபோர்டு வளைவுக்கு 150 வருஷம் முன்பே வழி போட்ட குத்தகை விவசாயி!

களக்காட்டில் இருந்து தலையணை அருவிக்கு பைக்கில் போகிற எந்த இளைஞரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார். வேகமாகப் போகும்போது வளைவு வந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பக் கூடாது. வண்டியோடு சேர்ந்து சாயணும். பார்வை முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்கணும். யாரும் வகுப்பெடுத்து இதைச் சொல்லித் தரவில்லை. ரெண்டு தடவை விழுந்து எழுந்தால் உடம்பே கற்றுக்கொள்கிறது.

இதே விஷயத்தைப் பனி மேல் செய்தால் அதற்குப் பெயர் 'கார்விங்'. ஸ்னோபோர்டு வீடியோக்கள் உங்கள் போனிலும் வந்திருக்கும். ஒருத்தர் ஒற்றைப் பலகையில் நின்றுகொண்டு, கை கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, பனியில் கத்தியால் கீறினது மாதிரி ஒரு மெல்லிய கோட்டை விட்டுவிட்டுப் போவார். பனி தூள் பறக்காது, சறுக்கலும் இருக்காது. பலகை ரயில் தண்டவாளத்தில் போவது போலத் தன் கோட்டில் போகும்.

இந்த வித்தைக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பலகையின் வடிவம். இன்னொன்று, அதன் மேல் உடம்பு நிற்கும் விதம். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் என்று உலகம் இன்று கொண்டாடுவது ஒரு விஞ்ஞானியையோ பெரிய கம்பெனி முதலாளியையோ அல்ல. சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாத, நார்வே நாட்டு மலைக்கிராமத்து குத்தகைக் குடியானவர் ஒருவரை. பெயர் சோன்ட்ரே நோர்ஹெய்ம்.

மலையடிவாரத்தில் ஒரு குடிசை

நார்வேயின் தெற்கே டெலிமார்க் என்று ஒரு பகுதி. அங்கே மோர்கெடால் என்ற பள்ளத்தாக்கு. அதன் சரிவில் ஓவர்போ என்ற சின்ன மரக்குடிசையில் 1825 ஜூன் 10-ம் தேதி பிறந்தவர் சோன்ட்ரே. அப்பா பெயர் அவுவர் என்பதால் சோன்ட்ரே அவுவர்சன். நம்ம ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவது மாதிரி, அங்கே அப்பா பெயரோடு 'சன்' சேர்ப்பது வழக்கம். நோர்ஹெய்ம் என்பது குடும்பப் பெயரே கிடையாது. பின்னாளில் அவர் குடியிருந்த ஒரு குத்தகை இடத்தின் பெயர் அது.

அந்தக் குடும்பம் நார்வேயில் 'ஹுஸ்மன்' என்று அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. பெரிய பண்ணைக்காரரின் நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசை, கொஞ்சம் பயிர் செய்ய இடம். அதற்குப் பதிலாகப் பண்ணையில் வேலை செய்து கொடுக்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் மடத்து நிலத்தையும் கோயில் நிலத்தையும் தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா பார்க்காத குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம், அங்கே வருஷத்தில் பல மாதம் நிலம் பனிக்குள் கிடக்கும் என்பதுதான்.

அவர் பிறந்த அதே 1825-ல், ஜூலை 4-ம் தேதி, நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்தில் இருந்து 'ரெஸ்டவ்ரேஷன்' என்ற சின்னக் கப்பல் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. நார்வேயில் இருந்து கூட்டமாகக் குடியேறப் போன முதல் கப்பல் அதுதான். அடுத்த நூறு வருஷத்தில் சுமார் எட்டு லட்சம் பேர் அந்தச் சின்ன நாட்டை விட்டுப் போனார்கள். சோன்ட்ரேவும் ஒருநாள் அந்தக் கணக்கில் சேர்வார்.

அப்போ பனிச்சறுக்கு இல்லையா?

இருந்தது. ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்தது. ஆனால் விளையாட்டாக அல்ல. பனிக்காலத்தில் வேட்டைக்குப் போக, விறகு எடுக்க, பக்கத்து ஊருக்கு நடக்க உதவும் காலணி மாதிரிதான் அந்த ஸ்கீ கட்டைகள். நீளமான இரண்டு மரப்பட்டிகள். காலின் முன்பக்க விரல்களை மட்டும் ஒரு வாரில் நுழைத்துக்கொள்வார்கள். குதிகால் சும்மா கிடக்கும். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடிப் பாருங்கள், அந்த நிலைமைதான்.

இறக்கத்தில் எப்படித் திரும்புவது, எப்படி நிற்பது? கையில் ஒரே ஒரு நீளக் கம்பு இருக்கும். அதைக் கால்களுக்கு நடுவே விட்டு, மேலே உட்கார்ந்து, பனியில் இழுத்துக்கொண்டே வருவார்கள். பிரேக்கும் அதுதான், ஸ்டியரிங்கும் அதுதான். வேகமாகத் திரும்பினால் கட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

சோன்ட்ரேவுக்கு இது போதவில்லை. ஊரில் அவரைப் பற்றி வழங்கி வந்த கதைகளில் எல்லாம் வேலையைவிட விளையாட்டில் மனசு போன ஆளாகவே வருகிறார். பனி மூடிய வீட்டுக் கூரையில் இருந்து சறுக்கிக் குதிப்பாராம். மரவேலை கைவந்த ஆள். 1854-ல் ரன்னேயி என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். குத்தகை இடங்கள் மாறின. வறுமை மாறவில்லை. பனியில் குதிப்பதும் நிற்கவில்லை.

குதிகாலைக் கட்டிய நார்

அவர் செய்த முதல் காரியம் பார்க்க ரொம்பச் சாதாரணம். வில்லோ என்ற மரத்தின் இளங்கிளையையும் வேரையும் எடுத்து, ஊறவைத்து முறுக்கி, குதிகாலைச் சுற்றி வந்து கட்டையோடு பிணைகிற மாதிரி ஒரு வளையம் செய்தார். களக்காட்டு வாழைத்தோட்டங்களில் நாரை நனைத்துத் திரித்துக் கட்டுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பம் உடனே பிடிபடும். காய்ந்த நார் ஒடியும். நனைத்துத் திரித்த நார் வளையும், இழுவையையும் தாங்கும்.

விளைவு என்ன? கட்டை காலோடு ஒட்டிக்கொண்டது. அதே நேரம் குதிகாலைத் தூக்கவும் முடிந்தது. இப்போது முழங்காலைச் சாய்த்தால் கட்டை சாயும். இடுப்பைத் திருப்பினால் கட்டை திரும்பும். கம்பு தேவையே இல்லை. அதுவரை கையில் இருந்த ஸ்டியரிங் அன்றைக்கு முழங்காலுக்கும் இடுப்புக்கும் மாறியது. இன்றைய ஸ்னோபோர்டில் பூட்ஸைப் பிடித்து வைக்கிற 'பைண்டிங்' செய்கிற வேலையும் இதேதான்.

குதிகாலைப் பிணைக்கும் யோசனை அவருக்கு முன்பே சில இடங்களில் இருந்திருக்கலாம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்வது உண்டு. அது நியாயமான பேச்சுதான். ஒரு பொருளை ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்தார் என்ற கதைகளைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்க்கணும். ஆனால் அந்தப் பிணைப்பையும், பலகை வடிவத்தையும், உடம்பின் நிலையையும் ஒன்றாகச் சேர்த்து, நாடே பார்க்கிற மாதிரி செய்து காட்டியவர் சோன்ட்ரேதான்.

உடுக்கை மாதிரி ஒரு பலகை

இரண்டாவது காரியம்தான் இன்றைய கார்விங்கின் அஸ்திவாரம். கட்டையைக் கொஞ்சம் குட்டையாக்கினார். பக்கவாட்டு விளிம்புகளைச் செதுக்கி, நுனியும் வாலும் அகலமாக, நடுப்பகுதி ஒடுக்கமாக ஆக்கினார். மேலே இருந்து பார்த்தால் உடுக்கையை நீளமாக இழுத்து விட்ட மாதிரி இருக்கும். டெலிமார்க் ஸ்கீ என்று இதற்குப் பெயர் வந்தது.

இடுப்பு ஒடுங்கினால் என்ன லாபம்? ஒரு நேரான மரப்பட்டியைச் சாய்த்து அதன் விளிம்பில் நிறுத்துங்கள். விளிம்பு முழுக்கத் தரையில் படும்; நேராகத்தான் போகும். உடுக்கை வடிவப் பலகையைச் சாய்த்தால் நுனியும் வாலும்தான் முதலில் தரையைத் தொடும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அங்கே உங்கள் உடல் எடை அழுத்துகிறது. பலகை வில் மாதிரி வளைந்து நடுப்பகுதியும் பனியைத் தொடுகிறது. இப்போது பனியில் படுகிற விளிம்பு ஒரு வட்டத்தின் பகுதி. பலகை அந்த வட்டத்திலேயே ஓடும். நீங்கள் திருப்பவே வேண்டாம்!

ஒரு சின்னக் கணக்கு. பனியைத் தொடும் நீளம் 120 செ.மீ., இடுப்பில் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பது 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த விளிம்பு வளைவு சுமார் 9 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் துண்டு. பலகையை 60 டிகிரி சாய்த்தால் கடினமான பனியில் பலகை போடும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய பாதியாகி நாலரை மீட்டருக்கு வந்துவிடும். அதாவது எவ்வளவு சாய்கிறீர்களோ, அவ்வளவு இறுக்கமான வளைவு. ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர் செதுக்கல் செய்கிற வேலை இது.

சாய்ந்தால் விழ மாட்டோமா? வேகம் தாங்கிப் பிடிக்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும் ஒருவர் சமநிலையில் இருக்க கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்ந்தே ஆகணும். அதைவிட நிமிர்ந்தால் வெளிப்பக்கம் தூக்கி எறியும். அதிகம் சாய்ந்தால் உள்பக்கம் விழணும். மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறும் ரோட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்குள் நம்மை ஒரு பக்கம் தள்ளுகிறதே, அதே விசைதான்.

சோன்ட்ரேவின் கட்டையில் இரும்பு விளிம்பு கிடையாது என்பதையும் சொல்லியாகணும். வெறும் மரம். அதனால் இன்றைய வீடியோக்களில் பார்க்கிற சுத்தமான கீறலை அவர் போட்டிருக்க முடியாது. அவருடைய வளைவில் கொஞ்சம் சறுக்கலும் கலந்தே இருந்திருக்கும். ஸ்கீயின் ஓரத்தில் எஃகுப் பட்டை பொருத்தும் முறைக்கு ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் காப்புரிமை வாங்கியது 1926-ல்தான்.

42 வயதில் தலைநகருக்கு

1866-ல் டெலிமார்க்கின் ஹோய்டல்ஸ்மோ என்ற ஊரில் ஒரு போட்டி. பரிசு வைத்து நடந்ததாக அறியப்படும் முதல் பனிச்சறுக்குத் தாவல் போட்டி அதுதான். ஜெயித்தவர் சோன்ட்ரே.

உண்மையான திருப்பம் 1868 பிப்ரவரியில். இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியா நகரத்தில் பெரிய போட்டி அறிவித்தார்கள். மோர்கெடாலில் இருந்து அங்கே போக ஏறக்குறைய 200 கி.மீ. சோன்ட்ரே கூட்டாளிகளோடு ஸ்கீ கட்டைகளிலேயே கிளம்பினார். வயது 42. பிள்ளை குட்டிக்காரர். போட்டியில் இருந்த பலர் அவரைவிட ரொம்ப இளையவர்கள்.

நகரத்து ஆட்கள் கம்பு மேல் உட்கார்ந்து இறங்கிப் பழகியவர்கள். அவர்கள் முன்னால் இந்த மலைநாட்டுக் குடியானவர் கம்பை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து வந்தார். குதித்தார். தரை தொடும்போது ஒரு காலை முன்னே வைத்து, மற்ற முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கி, அப்படியே வளைந்து நின்றார். முதல் பரிசு அவருக்குத்தான். தலைநகரத்துப் பத்திரிகைகளும் அவரைப் பற்றி எழுதின.

அந்த முழங்கால் மடக்கலுக்கு 'டெலிமார்க்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஒலிம்பிக் ஸ்கீ ஜம்பிங்கில் வீரர் தரை இறங்கும்போது கால்கள் அந்த நிலையில் இல்லை என்றால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கால்களை இணையாக வைத்துத் திரும்பும் இன்னொரு முறைக்கு நகரத்தின் பெயரால் 'கிறிஸ்டியானியா' என்ற பெயர் வந்தது. 'ஸ்லாலோம்' என்ற சொல்லும் நார்வேயின் கிராமத்து மொழிதான். சரிவில் போட்ட தடம் என்று அர்த்தம்.

நகரத்தில் புகழ் கிடைத்தது. ஊருக்குத் திரும்பினால் அதே குடிசை, அதே பண்ணை வேலை. அவருடைய வித்தையை அருகில் இருந்து பார்த்து வளர்ந்த மோர்கெடால் சகோதரர்கள் மிக்கேல், டோர்யுஸ் ஹெம்மெஸ்ட்வெய்ட் இருவரும் கிறிஸ்டியானியாவில் 1881-ல் உலகின் முதல் ஸ்கீ பள்ளியை ஆரம்பித்தார்கள். சிஷ்யப் பிள்ளைகள் பள்ளி நடத்தினார்கள். ஆசான் குத்தகை நிலத்திலேயே கிடந்தார்.

மலையே இல்லாத ஊருக்கு

1884-ல், 59-வது வயது நடந்துகொண்டிருந்தபோது, சோன்ட்ரேவும் ரன்னேயியும் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மூத்த பிள்ளைகள் முன்பே அங்கே போயிருந்தார்கள். முதலில் மின்னசோட்டா, பிறகு வடக்கு டகோட்டா. குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் தந்த காலம் அது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் குடியிருந்தவருக்கு, கடைசியில் நிலம் கிடைக்கும் இடம் அதுவாகத்தான் இருந்தது.

ஆனால் வடக்கு டகோட்டாவைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டைப் புல்வெளி. பனிக்குக் குறைவில்லை, உறைய வைக்கும் குளிர். சரிவுதான் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவரை மலையின் நிழலே விழாத வெளியில் கொண்டுபோய் விட்ட மாதிரி. உலகத்துக்கே சரிவில் திரும்பக் கற்றுக்கொடுத்தவர், திரும்ப ஒரு சரிவு இல்லாத ஊரில் உழுது வாழ்ந்தார். வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஸ்கீ எப்போதும் சாய்ந்து நிற்கும் என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள்.

1897 மார்ச் 9-ம் தேதி, 71 வயதில் இறந்தார். டென்பி என்ற ஊர் அருகே, நார்வேக்காரர்கள் கட்டிய ஒரு லூத்தரன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல் எதுவும் நடவில்லை. பல பத்தாண்டுகள் அந்த இடத்துக்கு அடையாளமே இல்லாமல் இருந்தது.

பலகை ஒன்றான கதை

இனி கொஞ்சம் வேகமாக. 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து ஒரே பலகையாக்கினார். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர். நுனியில் ஒரு கயிறு, அவ்வளவுதான், பைண்டிங் இல்லை. குதிகாலைக் கட்டாத பழைய ஸ்கீயின் அதே கோளாறு! 1970-களின் பிற்பகுதியில் ஜேக் பர்டன் கார்பென்டர், டாம் சிம்ஸ் போன்றவர்கள் பைண்டிங் வைத்து, பிறகு எஃகு விளிம்பும் உடுக்கை இடுப்பும் சேர்ந்து, இன்றைய ஸ்னோபோர்டு உருவானது. சோன்ட்ரே போன பாதையிலேயே இவர்களும் இன்னொரு முறை நடந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதல்முறை இடம்பிடித்தது.

ஒற்றைப் பலகையில் வந்த புதுச் சிக்கல் ஒன்று உண்டு. ஸ்கீயில் கால் முன்னோக்கி இருக்கும். ஸ்னோபோர்டில் ஆள் பக்கவாட்டில் நிற்கிறார். பாதம் பலகையைவிட நீளமாக இருந்தால், சாயும்போது விரல் நுனி பனியில் மாட்டும். விளிம்பு பனியை விட்டு எழும்பும். அடுத்த நொடி ஆள் தரையில். அதனால்தான் பலகை வாங்கும்போது காலணி அளவைக் கேட்கிறார்கள். பெரிய பாதக்காரருக்கு அகலப் பலகை. பந்தயக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: பலகையை ஒடுக்கமாக வைத்து, இரண்டு பாதங்களையும் முன்பக்கம் நோக்கித் திருப்பி, கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். ஒடுக்கமான பலகை ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறும்.

உடம்பு விஷயத்தில் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றேதான். வளைவுக்குள் தலையையும் தோளையும் போட்டுச் சாய்வது. முழு உடம்பும் ஒரே கம்பாகச் சாய்ந்தால் எடை விளிம்பை விட்டு விலகிவிடும், பலகை வழுக்கும். சாய வேண்டியது கணுக்காலும் முழங்காலும் இடுப்பும். தோள் முடிந்தவரை சரிவுக்கு இணையாக இருக்கணும். முழங்கால் மடங்கியிருந்தால் மேடு பள்ளத்தை அது விழுங்கிக்கொள்ளும். கை வளைவுக்குள் தரையைத் தேடக் கூடாது. ஃபோட்டோவுக்கு அழகாக இருக்கும், ஆனால் விளிம்பின் பிடி போய்விடும்.

இந்தியாவில் இதெல்லாம் எங்கே என்று கேட்டால், காஷ்மீரின் குல்மார்க். 2020-ல் இருந்து நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஸ்னோபோர்டும் உண்டு. குல்மார்க் சரிவுகளில் வளர்ந்த ஆரிஃப் கான் 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு ஜயன்ட் ஸ்லாலோமில் 45-வது இடம் பிடித்தார். அவர் காலில் இருந்ததும் இடுப்பு ஒடுங்கிய ஸ்கீதான்.

அடுப்பில் ஏற்றிய தீபம்

1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, தீபத்தை கிரீஸில் இருந்து நார்வே கொண்டுவரவில்லை. மோர்கெடாலில், சோன்ட்ரே பிறந்த ஓவர்போ குடிசையின் அடுப்பில்தான் ஏற்றினார்கள். ஏற்றியவர் அதே ஊர்க்காரர் ஒலாவ் பியோலண்ட். 1911 டிசம்பர் 14-ம் தேதி அமுண்ட்சனோடு தென் துருவத்தை முதலில் அடைந்த ஐந்து பேரில் ஒருவர். துருவப் பயணத்துக்கான சறுக்கு வண்டிகளை இழைத்து எடை குறைத்த தச்சரும் அவரே. மோர்கெடால் ஆட்களுக்கு மரம் எப்படிப் பேசியது என்பதற்கு இன்னொரு சாட்சி.

அந்தத் தீபம் ஸ்கீ வீரர்களின் கைமாறிக் கைமாறி ஆஸ்லோ போனது. 1868-ல் சோன்ட்ரே போனதும் தலைநகருக்கான அதே பயணம்தான்.

1960-ல் கலிபோர்னியாவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கும் மோர்கெடாலில்தான் தீபம் ஏற்றினார்கள். அந்த முறை தீபம் விமானத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. டென்பி கல்லறையில் இப்போது அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பக்கத்து நகரமான மைனாட்டில் ஒரு ஸ்காண்டிநேவியப் பாரம்பரியப் பூங்கா உண்டு. அங்கே ஸ்கீயோடு அவர் சிலை நிற்கிறது.